மூன்று ரியால் எண்ணூறு பைசா

சோஹாரில், மீன் சந்தைக்குப் பின்புறம்,
தாத் கரீமின் இரும்புக் கடையில்
ஏசி ஓடுகிறது, யாரையும் குளிர்விக்காமல்.
கண்ணாடி மேசைமேல் இரண்டு மடக்குக்கத்திகள்.
நாற்பது நிமிடமாக நிற்கிறேன்.
மனை வாங்க வந்தவன்கூட இத்தனை யோசிக்கமாட்டான்
என்கிறது அவர் முகம், பலூச்சியில்.

ஒன்று மரப்பிடி.
நகத்தைக் கொடுத்து நெம்பினால்தான் அலகு வெளியே வரும்.
சாதா எஃகு. இந்தக் கடற்காற்றுக்கு
ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும்,
அதை அவரே சொல்லிவிட்டார்.
மூன்று ரியால் எண்ணூறு பைசா.

மற்றது கறுப்பு.
கட்டைவிரலால் ஒரு தள்ளு, டக்கென்று நிமிரும்.
துருவேறாது. பையில் மாட்டக் கொக்கி உண்டு.
ஆறு ரியால்.
கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து
நாலு பக்கமும் உருக்கி ஒட்டியிருந்தார்கள்.
பிய்த்துப் பார்த்தார். பல்லால் கடித்துப் பார்த்தார்.
கடைசியில் மரப்பிடியை எடுத்து உறையைக் கீறினார்.
ஒரு கத்தியைப் பார்க்க இன்னொரு கத்தி.
இருவரும் கவனித்தோம்,
ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை.
கண்டெய்னர் திறந்ததும் நாடா அறுக்க வேண்டும்,
பிறகு சுற்றிய பிளாஸ்டிக், பிறகு அட்டைப்பெட்டி,
ஒரு ஷிப்டுக்கு முந்நூறு.
கம்பெனி கொடுக்கும் கட்டர் துண்டு துண்டாக ஒடியும்.
ஒடிந்த அலகு ஒன்று பூட்ஸுக்குள் விழுந்து
இருதயராஜுக்கு மூன்று தையல்.
அதனால்தான் சொந்தக் காசில்.

கறுப்பை வாங்கிப் பார்த்தேன்,
இடக்கையில்.
கட்டைவிரல் தேடிய இடத்தில் குமிழ் இல்லை,
அந்தப் பக்கம் இருந்தது.
பூட்டும் அந்தப் பக்கம்.
கொக்கியும் அந்தப் பக்கம்.
வலக்கைக்குக் கொடுத்தால் டக்.
இடக்கைக்கு வந்தால் வாய் திறப்பதில்லை.

பள்ளியில் ஸ்கேலால் அடித்து
எழுத்தை வலக்கைக்கு மாற்றினார்கள்.
சோறு தானாக மாறிக்கொண்டது.
அறுப்பது மட்டும் மாறவில்லை,
அதை யாரும் சரிபார்க்கவில்லை.
மெஸ்ஸில் நான் தண்ணீர் ஜக்கை நீட்டினால்
'அங்கே வை' என்று மேசையைக் காட்டுகிற ஆட்கள்
இப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"லெஃப்ட்?" என்றார் தாத் கரீம்.
தலையாட்டினேன்.
கறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கொக்கியின் திருகாணியைக் கழற்றினார்,
மறுபக்கம் அதற்குத் துளை போட்டிருக்கவில்லை.
"அஞ்சுக்கு எடுத்துக்கோ" என்றார்,
உருது மாதிரியான ஏதோ ஒன்றில்.

மரப்பிடியை எடுத்தேன்.
வலக்கை நெம்ப, இடக்கை பிடித்தது.
மாற்றிப் பிடித்தேன். அப்படியேதான்.
இரண்டு கையும் வேண்டும் என்கிறது,
எந்தக் கை என்று கேட்கவில்லை.

காசை வாங்கிக்கொண்டு
கத்தியை என் கையில் தராமல்
மேசையில் வைத்து ஒரு விரலால் தள்ளினார்.
சுருக்கென்றது.
பிறகு ஞாபகம் வந்தது,
கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமென்று
எங்கள் வீட்டிலும் கீழே வைத்துத்தான் எடுப்போம்.
அவர்கள் வீட்டில் என்ன காரணமோ.

நாலு மாதம் ஆகிறது.
சொன்ன சொல் தவறாமல் துரு.
வியாழன் இரவு தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன்,
அறையெல்லாம் தலைவாரிய வாசம் என்று
இருதயராஜ் புரண்டு படுக்கிறான்.
கையுறையோடு திறக்க வராது,
ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும்,
சூப்பர்வைசர் செல்போனில் மணி பார்க்கிறார்.
சரியானதைத்தான் எடுத்தேன் என்று
யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

நேற்று டார்ச்சுக்கு பேட்டரி வாங்கப் போனேன்.
கறுப்பு அங்கேயே இருந்தது, உறையில்லாமல்.
சீட்டில் ஆறை அடித்து ஐந்து,
ஐந்தை அடித்து நாலரை.
எடுத்தேன், அதே கையில்.
நடுவிரலை வளைத்து, கொஞ்சம் கோணலாக,
அந்தப் பக்கம் போய்த் தள்ளினால்
திறக்கிறது.

தாத் கரீம் பேட்டரியை எண்ணுவதை நிறுத்திப் பார்த்தார்.

மூடத்தான் வரவில்லை.
மேசையில் வைத்து
அவர் பக்கம் தள்ளினேன்.