இரண்டரை

நாள் முழுக்க எடை போடுகிறவள் நான்.
க்ளக்ஸ்விக் துறைமுகத்து சால்மன் ஆலையில்
நாலு கிலோ இருநூறு, ஐந்து கிலோ எண்பது என்று
மீன் வந்து தட்டில் படுக்கும்,
பச்சை விளக்கு எரியும், போகும்.
எந்த மீனும் தன் எடையைப் பற்றிப்
பொய் சொன்னதில்லை.

நான் சொன்னேன்.
போன குளிர்காலம், ஐஸ் கிடங்குக்குப் பின்னால்
வலைக்கொட்டகையாக இருந்து ஜிம் ஆகிவிட்ட இடத்தில்
முதல் நாளே அறுபது ஏற்றினேன்.
அறுபது ஏன்?
தங்கை பெய்ன்டா அறுபது வைத்து உட்கார்ந்து எழுவாள்.
வேறு காரணம் இல்லை.

மூன்றாம் வாரம் உட்கார்ந்தவள் எழவில்லை.
கம்பி இரும்புச் சட்டத்தில் விழுந்த சத்தத்துக்குத்
தகரக் கூரையின் கடற்புறாக்கள் எல்லாம் கிளம்பிப் போயின.
நானும் போய்விட்டேன்,
பத்து மாதம்.

இந்த முறை வெறும் கம்பி.
இருபது கிலோ, இரு முனையிலும் காற்று.
ஐந்து தரம். கொஞ்சம் ஏற்று, இன்னொரு ஐந்து.
தாளில் இருப்பது இவ்வளவுதான்:
எங்கே கம்பி மெதுவாகிறதோ
அங்கே நிறுத்து. அதுதான் உன் முதல் நாள்.

முப்பத்தைந்தில் மெதுவானது.
பார்க்கிறவருக்குத் தெரியாது.
கதவைச் சாத்தும்போது கடைசி விரற்கடையில்
உள்ளே இருக்கும் காற்று லேசாகத் தடுக்குமே, அப்படி.
இன்னும் பத்து ஏற்றலாம், முடியும்.
அந்த 'முடியும்'தான்
போன வருடம் என் முதுகில் இருந்தது.

நோட்டில் முப்பத்தைந்து என்று எழுதும்போது
கையால் மறைத்துக்கொண்டேன்.
தீவன மூட்டையே இருபத்தைந்து,
அதை ஷிப்டுக்கு நாற்பது தரம் புரட்டுகிறேன்.

பிறகு கணக்குப் போட்டேன்.
ஒவ்வொரு முறையும் இரண்டரை கூட்டு, வாரம் மூன்று நாள்,
ஐம்பத்திரண்டு வாரம்.
அடுத்த டிசம்பரில் என் தோளில்
நானூற்று இருபத்தைந்து கிலோ.
"படகை மேலே இழுக்க வின்ச் கெட்டுப்போனால்
உனக்குப் போன் பண்ணுகிறேன்" என்றான்
கப்பல் பட்டறை ஹோக்னி.
தாளுக்கும் இது தெரிந்திருக்கிறது.
அடியில் பொடி எழுத்தில்:
ஒருநாள் நிற்கும். பத்தில் ஒன்றைக் கழி. மறுபடி ஏறு.

கால்கள் நிற்கவில்லை, இன்னும்.
அறுபதை ஒரு செவ்வாய்க்கிழமை கடந்தேன்,
கொட்டகையில் என்னைத் தவிர
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

நின்றது தோள்.
தலைக்கு மேல் இருபத்தைந்து போகிறது.
இருபத்தேழரை நெற்றியோடு நின்று
யோசித்து
இறங்கிவிடுகிறது. நாலு நாளும் அப்படியே.
தொடைக்குச் சில்லறையாக இருந்த இரண்டரை
தோளுக்குக் கடன்.
ஆனால் கொட்டகையில் இருப்பதிலேயே சின்னத் தட்டு
ஒன்றே கால். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
இரண்டரை. அதற்குக் கீழே
எண்ணே இல்லாதது போல.

ஹோக்னியிடம் சொன்னேன்.
மறுநாள் சட்டைப்பையில் கலகலக்க வந்தான்:
பழைய இழுவைப்படகின் நாலு இரும்பு வளையங்கள்,
துருவைத் தேய்த்து, நடுவே கம்பி நுழையும் அளவு.
"கால் கிலோ இருக்கும், ஏறத்தாழ."

ஏறத்தாழ என்பது எனக்கு ஆகாது.
ஷிப்ட் முடிந்து, தட்டைக் கழுவித் துடைத்து,
மேலாளர் போன பிறகு
மீன் படுக்கிற இடத்தில் ஒவ்வொன்றாய் வைத்தேன்.
இருநூற்று நாற்பத்தெட்டு.
இருநூற்று ஐம்பத்தொன்று.
இருநூற்று ஐம்பது, நல்ல பிள்ளை.
இருநூற்று அறுபத்து மூன்று.

பெய்ன்டா கோபன்ஹேகனிலிருந்து கூப்பிட்டாள்.
தலைக்கு மேல் எவ்வளவு என்றாள்.
இருபத்தைந்து என்றேன். கூட்டவில்லை.
வியாழக்கிழமை இருபத்தைந்தரை.
"அரையா?" என்று கேட்டாள்.
சிரிக்கிறாளா என்று கேட்பதற்குள்
லைன் காற்றில் அறுந்தது.

வியாழன் வந்தபோது
ஹோக்னி பெஞ்சில் குனிந்து
நாலாவது வளையத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.
அவன் காலடியில்
பதின்மூன்று கிராம் தூள்.
கை முழுக்கச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நின்றேன்.
"சீக்கிரம்" என்றேன்,
பிறகு, "வேண்டாம், மெதுவாகவே செய்."