தண்ணி குடிக்காத வண்டி

கொண்டலாம்பட்டி ரவுண்டானா தாண்டி
முப்பத்தொரு வருஷமாக
ஓட்டை ரேடியேட்டர்களைத் தொட்டியில் அமுக்கி
குமிழி எங்கிருந்து வருகிறதென்று
பார்த்துப் பிழைக்கிறவன் நான்.
என் வாசலில் வந்து நிற்கிறது
தண்ணியே குடிக்காத வண்டி.

போர்ஷே. எழுபத்திநாலாம் மாடல்.
பழுத்த தக்காளி நிறம். இஞ்சின் பின்னால்.
முன்பக்கம் திறந்தால் ஸ்டெப்னியும்
பை நிறைய ஊசி மருந்தும்.
ஏற்காட்டு மாட்டு டாக்டர் ஹெப்சிபா சொன்னார்:
"பதினாலாம் வளைவுல முள்ளு செவப்பத் தொடுது.
ஓரங்கட்டி அரை மணி நேரம்
கொரங்குங்களோட உக்கார வேண்டியிருக்கு."

"நமக்குத் தண்ணி வேலைதான் மேடம்."

"தெரியும். நாய்க்கு ஒடம்பு வேக்காது, பாத்திருக்கீங்களா?
நாக்கத் தொங்கப்போட்டுத்தான் சூட்டை எறக்கும்.
இதுக்கு ரத்தம் ஆயில்.
நாக்குதான் சிறுசு."

வலது மட்கார்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன்.
தூக்குவாளிக் கைப்பிடி போல
வளைந்த பித்தளைக் குழாய், அவ்வளவுதான்.
ஜெர்மனிக் குளிருக்கு அது போதும்.
சித்திரை மாதத்துக் கோரிமேட்டுக்கு?
வெளிநாட்டுக் கூலரின் விலையைச் சொன்னார்.
அந்த விலைக்கு ரெண்டு கறவை மாடு
என்றும் அவரே சொன்னார்.

திருச்செங்கோட்டுப் பழைய இரும்புக் கடையில்
போர்வெல் லாரியின் செம்புக் கூலர் ஒன்று கிடைத்தது.
ஆயிரம் அடி இறங்கியும்
புழுதியை மட்டும் கண்டு திரும்பிய லாரியாக இருக்கலாம்.
தகடுகளுக்கிடையே
எந்த ஊர்ப் பாறையோ, வெள்ளை மாவாக.
ஊதி ஊதித் தீர்த்தேன்.
மூன்றில் ஒரு பங்காக அறுத்தேன்.

யூனியனுக்குப் பற்று வைக்க
செவ்வாய்ப்பேட்டை கோவர்தனத்திடம் போனேன்,
கொலுசுக்குக் கண்ணி ஒட்டுகிறவர்.
"நூறு பவுண்டு பிரஷர் தாங்கணும்."
"பவுண்டெல்லாம் எனக்குத் தெரியாது.
ஓடுற கொழந்த கால்ல
ஒரு வருஷம் தாங்குற மாதிரி வைக்கிறேன்."

பழக்கம் விடுமா?
மாட்டுவதற்கு முன் கூலரை
என் தொட்டியில் அமுக்கிக் காற்று விட்டேன்.
குமிழி இல்லை.
அப்புறம் ஒரு பகல் முழுக்க
வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.
ஆயிலில் தண்ணி கலந்தால் மோர்.

எண்பத்துமூன்று டிகிரி வரை
வாயே திறக்காத தெர்மோஸ்டாட்.
(அப்படி ஒரு மச்சான் எனக்கு உண்டு.)

ஞாயிற்றுக்கிழமை. அடிவாரம்.
ஸ்டியரிங் இடப்பக்கம்; வலப்பக்கம் நான்.
வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் என்னை
எதிரே இறங்கிய பஸ் டிரைவர்
முறைத்துக்கொண்டே போனார்.
மூன்றாம் வளைவு. நாலு.
ஏழில், என் செருப்புக்குக் கீழே,
சூடு முன்பக்கமாக நடந்து போனது.
திறந்துவிட்டது.

பத்து. பன்னிரண்டு.
இரண்டு பேருமே ரோட்டைப் பார்ப்பதுபோல
முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினாலு.
சிவப்புக்கு ஒரு விரல் கீழே நின்றது முள்.
அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.
"பழக்கம்," என்றார்.
கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு
எழுந்து நின்றது, வழக்கமான பிஸ்கட்டுக்கு.
கண்ணாடியில் அது சிறுத்து மறையும் வரை
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மேலே போய்
இஞ்சின் ஓட ஓட ஆயில் அளவு பார்த்தோம்,
இதற்கு அப்படித்தான் பார்க்க வேண்டுமாம்.
சரியாக இருந்தது.
மட்கார்டுக்குக் கீழே மட்டும் ஒரு சொட்டு.
கோவர்தனம் வைத்த பற்றில் இல்லை,
நான் முடுக்கிய மரையில்.
தொட்டேன். விரலை உதறினேன்.
முன்பக்கம் திறந்து ஒரு களிம்பு எடுத்தார்.
"மாட்டுக்குப் போடறது. பரவால்லயா?"

களிம்பு விரலோடு ஸ்பேனர் பிடித்து
கால் சுற்று.
அடுத்த சொட்டுக்காக எண்ண ஆரம்பித்தோம்.
நூற்று இருபதில் எண்ணிக்கை தப்பியது.
சொட்டு வரவில்லை.

இறங்குவதற்கு முன்
பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தி
ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினார்.