வெளியே பதினொன்று, உள்ளே பத்து

ஈரம் பார்க்கத்தான் வந்தேன்.
கையில் ஈரமானி, காதில் செருகிய பென்சில்,
பூட்ஸ் நிறைய ஷ்ராப்ஷயர் சேறு.
ஸ்டோக் அவெரில் மாளிகையின் தெற்குச் சுவரில்
வெளியே நின்று எண்ணினால் ஜன்னல் பதினொன்று.
உள்ளே போய் எண்ணினால் பத்து.

இறங்கி வந்து மறுபடி எண்ணினேன்.
சாவிக்கொத்தோடு நின்ற மிஸஸ் டகெட்
"ஆம்ப்ரோஸ் அவெரில்" என்று மட்டும் சொன்னாள்,
கடன் வாங்கிவிட்டுப் போனவனைச் சொல்வதுபோல.

ஜன்னலுக்கு வரி கேட்ட காலம்.
வெளிச்சத்தை எண்ண ஆள் வருவான், ஏட்டில் குறிப்பான்.
வேட்டைக்கு இருபத்திரண்டு நாய் வளர்த்த ஆம்ப்ரோஸ்
பணிப்பெண்கள் படுக்கும் அறையில் மிச்சம் பிடித்தார்.
உள்ளே செங்கல்.
வெளியே, அழகு ஒருபக்கம் சாயக் கூடாதென்று
கறுப்புச் சாயத்தில் கண்ணாடி,
வெள்ளைச் சாயத்தில் சட்டம்.
மற்ற பத்திலும் முட்டிக்கொள்ளும் குருவிகள்
இதில் முட்டுவதில்லை.

ஈரம் அங்கிருந்துதான் வந்தது. சுரண்டினேன்.
முதலில் ராணுவப் பச்சை:
கால் இழந்தவர்கள் படுத்திருந்த வருஷங்கள்.
அதன் கீழே பெண்கள் பள்ளியின் பழுப்பு,
ஊசியால் யாரோ கீறிய "லத்தீன் ஒழிக".
அதற்கும் கீழே, மாடியில் ஒட்டி மிஞ்சிய கிளிக் காகிதம்.
ஜமைக்காவில் யார் யாரோ வெட்டிய கரும்பு
வாங்கித் தந்த கிளிகள்;
நிறம் இன்னும் போகவில்லை.
அப்புறம் பசுமுடி கலந்த சுண்ணாம்பு.
அப்புறம் செங்கல்.
நாலாவது வரிசையில் கை உள்ளே போனது.

ஒரு ஷூ. குழந்தையுடையது. இடது கால்.
குதிகால் ஒருபக்கம் தேய்ந்து,
வாருக்குப் பதில் சணல்.

"கெட்டது அண்டாதிருக்கச் சுவருக்குள் வைப்பார்கள்.
எடுத்தவர் திருப்பி வைத்துவிட வேண்டும்"
என்றாள் மிஸஸ் டகெட்.

ஆம்ப்ரோஸின் கணக்கேடு கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள்.
அதில் குதிரைகளுக்குப் பெயர் உண்டு:
டாம்சன், கேப்டன், கறுப்பு மெக்.
அந்த மார்ச் மாதத்துக்கு,
செங்கல் இருநூறு.
கொத்தன், மூன்று நாள்.
கொத்தனின் பையன், ஒரு பென்னி.

மூன்றாம் நாள் சாயங்காலம்
ஈரப்புல்லில் ஒற்றைக் கால் ஷூவோடு
அவன் வீடு போனானா, எனக்குத் தெரியாது.
வேறு பிள்ளையுடையதாகவும் இருக்கலாம்.
அந்தக் கால் வளர்ந்து இதற்குள் நுழையாமல் போயிருக்கலாம்.
வளராமலும் இருந்திருக்கலாம்.

வரி ரத்தாகி நூற்று எழுபது வருஷம் தாண்டிவிட்டது.
அடைத்ததைத் திறக்க
ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.
வெளிப்பூச்சு பெயர்ந்து விழ,
நான் எடுத்த எட்டுச் செங்கல் அளவுக்கு
மூன்று மணி வெயில் அறைக்குள் வந்தது.
தரைப்பலகையில் கட்டில் கால்களின் குழிகள் தெரிந்தன.
மிஸஸ் டகெட் போய் அந்த வெயிலில் நின்றாள், சும்மா,
பூட்ட வேண்டிய நேரம் கடந்தும்.

ஷூவை எங்கே வைத்தோம் என்பது அறிக்கையில் இல்லை.
ஈரத்துக்குக் காரணம்: மேலே வெடித்த ஈயக் குழாய்.
தெற்குச் சுவரில் ஜன்னல்: பத்து
என்று எழுதி, அடித்து,
பத்தேகால் என்று திருத்தினேன்.