ரெண்டு மணி வண்டி

முதலில் போனது கணக்கு.
ஏழு இட்லி தின்று கை கழுவியவர்
ஈரம் காயும் முன் வந்து நிற்பார்:
"இன்னா சுலோ, நாஷ்டா இல்லியா இன்னிக்கி?"
மாடிவீட்டு ஜெசிந்தாவிடம்
"சோறு துன்னு மூணு நாளாச்சி" என்றாராம்.
ஒரு கிண்ணம் பாயசத்தோடு இறங்கி வந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம்
டீயில்கூடச் சர்க்கரை தொடாத மனுஷன்
வெறுஞ்சர்க்கரையை அள்ளித் தின்னத் தொடங்கினார்.
டப்பாவை அரிசி மூட்டைக்குள் ஒளித்தேன்,
பிறகு டிரங்குப் பெட்டியில்
அவருடைய காக்கிச் சட்டைக்கு அடியில்.
எறும்பு காட்டிக்கொடுத்தது.

அப்புறம் தூக்கம்.
சத்துவாச்சாரி மே மாதத்துச் சுவர் கொதிக்கக் கொதிக்க
பகல் முழுக்க உறங்குவார்.
விளக்கு வைக்கும் நேரத்தில் பதறிப்போய்ச் செருப்பைத் தேடுவார்.
டாக்டர் கொடுத்த மாத்திரை
தூங்கவைக்கவில்லை, தள்ளாடவைத்தது. நிறுத்திவிட்டோம்.
ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி கிளம்பும்.
"பாகாயம் எறங்கு. கணியம்பாடி உள்ள போ.
படியில நிக்காத."
நாற்காலிகளுக்கு நடுவே சாய்ந்து சாய்ந்து வந்து
என்னிடம் கை நீட்டுவார்.
"ஆரணி ஒண்ணு."
காலண்டர் தாளைக் கிழித்துத் தருவார்.
மீதிச் சில்லறை இறங்கும்போது வாங்கிக்கணும்.
முப்பத்தோரு வருஷம் எல்லாரிடமும் சொன்னது,
அது மட்டும் மறக்கவில்லை.

இந்த ஐப்பசியில் எல்லாம் தலைகீழ்.
சர்க்கரை டப்பா மேஜைமேல் மூடாமலே இருக்கிறது.
கேட்பதில்லை.
மசித்த சோற்றை ஊட்டினால்
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்,
விழுங்குவதென்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல்.
தொண்டையைத் தடவிவிட்டேன். திட்டினேன்.
ஒருநாள் அலுத்துப்போய்
"ரைட், போலாம்" என்றேன்.
இறங்கியது.
அடுத்த வாய்க்கும் இறங்கியது.
ஒரு வாரம் அப்படி ஓட்டினோம்.
வியாழக்கிழமை எத்தனை ரைட் கொடுத்தும்
வண்டி கண்ணமங்கலம் தாண்டவில்லை.
நாற்பத்தாறு கிலோ இருக்கிறார்.

இப்போது பத்தொன்பது மணி நேரம் உறங்குகிறார்.
நீங்களும் கொஞ்சம் படுங்களேன் அக்கா என்கிறாள் ஜெசிந்தா.
படுக்கிறேன்.
ரெண்டு மணிக்கு எனக்கு விழிப்புத் தட்டுகிறது.
காட்பாடிப் பக்கம் ஏதோ ரயில் கூவிவிட்டுப் போகிறது.
கூடத்தில் நாற்காலிகள் சும்மா கிடக்கின்றன.
பசி. அப்படியொரு பசி.
அவர் மீதி வைத்த கிண்ணத்தை
விளக்குப் போடாமல், நின்றபடியே
வழித்துத் தின்கிறேன்,
சர்க்கரை தூவி.