மேல்பல், கீழுதடு

வெள்ளிக்கிழமை, கடைசி மணி நேரம்.
தருமபுரியில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு,
விருப்பப் பாடம், இரண்டு கிரெடிட்:
கிரியேட்டிவ் ரைட்டிங்.
பேர் கொடுத்தவர்கள் இருபத்தாறு.
பஸ்ஸுக்கு ஓடாதவர்கள் ஒன்பது.

முதல் வாரம் எல்லாரும் மழையை எழுதினோம்.
ஜன்னல், மழை, காபிக் கோப்பை.
ஒன்பது தாளிலும் அதே பெண், அதே பச்சைக் கண்,
பேர் மட்டும் எமிலி, லில்லி, ரோஸ்.
தீர்த்தகிரியின் கதையில் பனிகூடப் பெய்தது.
வெளியே காரிமங்கலம் வரைக்கும் புழுதி.
ஜெசிந்தா மிஸ் ஒன்பதிலும் ஒரே வரி எழுதித் தந்தார்:
சொல்லாதே, காட்டு.

எங்கள் வீட்டில் அது வேறு மாதிரி.
பல்லைக் காட்டாதே என்பார்கள்.
பெண் பார்க்க வந்த அன்று அக்காவுக்குச் சொன்னது.
போட்டோவில் அவள்
வாய்க்குள் எதையோ ஒளித்து வைத்தவள் மாதிரி இருக்கிறாள்.

அடுத்த வாரம்: உங்கள் சமையலறையிலிருந்து ஒரு பொருள்,
இருநூறு வார்த்தை.
நான் தண்ணீரை எழுதினேன்.
போர்த்தண்ணீர், தொள்ளாயிரம் அடி.
காய்ச்சி ஆறினால் சட்டிக்கடியில் வெள்ளையாய் ஒரு ஏடு.
அதைக் குடித்து வளர்ந்த பல்லுக்கு
அகராதியில் மாட்டில்டு என்று இருந்தது.
குதிரைக்கும் பளிங்குக்கும் போடுகிற சொல்.
அடித்துவிட்டு பிரவுன் என்று போட்டேன்.
ரோஸின் தோழிக்குக் கண்ணும் பிரவுன்தான்,
அங்கே அது அழகாக இருந்தது.

எழுதிவிட்டேன். வாசிப்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.
ஃபுளோரைடு.
நாங்கள் புளோரைடு என்போம்,
புளி, புண்ணாக்கு என்பதுபோல.
உதடு இரண்டும் சேர்ந்து பிரிந்தால் போதும்,
பல் பாட்டுக்கு உள்ளே கிடக்கும்.
ஆங்கிலத்தில் அப்படி முடியாது.
மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும்.
போனெடிக்ஸ் பேப்பரில் இதற்கே படம் போட்டு
அம்புக்குறி வைத்துப் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன்.
அந்தப் படத்தில் பல் வெள்ளை.

ஒகேனக்கல் குழாய் வந்த பிறகு பல் முளைத்த தம்பிக்கு
ஃபேன், ஃபோன், ஃப்ரிட்ஜ்
எல்லாம் சுளுவாக வருகிறது.

எழுந்து நின்றேன்.
இடது கை தானாக வாய்க்குப் போனது.
கேக்கலடி என்றாள் சவுடேஸ்வரி.
எடுத்தேன்.
ஃப்.
அப்புறம் ஃபைவ், ஃபாதர், ஆஃப்டர், எனஃப்.
எழுதும்போது தெரியவில்லை இத்தனை இருக்கிறதென்று.
ஒவ்வொன்றுக்கும் பல் வெளியே வந்து போனது.
அக்கா வருகிற வரியை மட்டும்
மூச்சு விடாமல் படித்துக் கடந்துவிட்டேன்.

முடித்ததும் தீர்த்தகிரி சிரித்தான்,
கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு.
பென்னாகரத்துக்காரன். எப்போதும் வைத்திருப்பான்.
சளி என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தோம்.

மிஸ் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை.
நான்கு மாதமாகச் சம்பளம் வராத கௌரவ விரிவுரையாளர்,
அவருக்கும் ஆறு மணி சேலம் வண்டி.
தாளில் இவ்வளவுதான்:
இருநூற்றுப் பதினொன்று இருக்கிறது.
பதினொன்றை வெட்டு. எதை என்று நீ பார்.

பாலக்கோடு பஸ்ஸில் மடிமேல் தாள்.
பிரவுனை அடித்தேன். ஒன்று.
சட்டியின் ஏட்டுக்குப் போட்ட நான்கு அடைமொழிகள். ஐந்து.
அக்காவின் போட்டோ சரியாக ஆறு வார்த்தை.
வண்டி குலுங்கியதில் பேனா
அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டது,
வெட்டாமல், அடிக்கோடாக.

எங்கம்மா, என்கிறார் கண்டக்டர்.
பாலக்கோடு, ஃப்ரீ.
பிரீயா, என்று சீட்டைக் கிழிக்கிறார்,
உதடு இரண்டையும் நன்றாக மூடித் திறந்து.