சொத்து விவரம்

தக்கலையில் பஸ் மாறும் நேரத்தில் வாங்கினேன்.
அறுபது ரூபாய். கறுப்புத் தொட்டி.
ஓரத்தில் செருகிய வெள்ளைக் குச்சியில்
எழுத்து இல்லை, மழை கழுவியிருக்கலாம்.
'இதுக்குப் பேரென்ன?' என்றேன்.
நர்சரிப் பையன் அபினேஷ் ஹோஸைக் கீழே வைக்காமலே
'தொங்குற செடியாக்கும்' என்றான்.

நான் பத்திரம் எழுதுகிறவள்.
இரணியலில், சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே
ஷைஜாவின் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேஜை.
பெயர், தகப்பன் பெயர், சர்வே நம்பர்,
வடக்கே சானல் புறம்போக்கு,
கிழக்கே டென்னிசன் வகையறா விளை.
பெயரில்லாத எதையும்
என் பேனா இதுவரை கைமாற்றியதில்லை.

அதனால் ஒரு பழைய உறையின் பின்புறம் எழுதிப் பார்த்தேன்:
இலை இதய வடிவம், கட்டைவிரல் அகலம்.
நடுவே பச்சை, சுற்றிலும் நாள்பட்ட வெண்ணெய்.
தண்டு, வெற்றிலை மென்று துடைத்த உதட்டின் சிவப்பு.
நான்கெல்லை: காற்று, காற்று, காற்று,
தெற்கே என் ஸ்டாப்ளர்.

ஷைஜா மொபைலை நீட்டினாள்.
நேராய்ப் பிடித்தால் மணி பிளான்ட்.
சரித்தால் ஹோயா.
மேஜையும் சேர்ந்து விழுந்த படத்தில்
வெற்றிலை, எழுபது சதவீதம்.
பாக்கு எங்கே என்று சிரித்தோம்.

ஹோயா என்றால் கிள்ளினால் பால் வருமாம்.
கிள்ளினேன்.
பால் இல்லை. தெளிந்த ஒரு சொட்டு,
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் சாட்சியைப் போல.

ஆனி போய் ஆடிச் சாரல் வந்தது.
காற்றே நனைந்திருக்கும் ஊரில்
நானும் தினம் ஒரு டம்ளர் ஊற்றினேன்,
பிரியம் காட்ட வேறு வழி தெரியாமல்.
அடித்தண்டு கஞ்சியாய்க் குழைந்தது.
தப்பியது மூன்று நுனி.
கணுவுக்குக் கீழே வெட்டி
கதம்பைத் துண்டும் மணலும் கலந்து
கண் துளைத்த மூன்று சிரட்டைகளில் ஊன்றினேன்.
பிறகு ஆடிப் பெருக்குக்கு முந்திய பதிவு நெரிசலில்
மறந்தே போனேன்.
மறந்ததில்தான் வேர் பிடித்தது.

ஒன்று முழுப் பச்சையாய்த் திரும்பிவிட்டது.
கேட்பாரில்லாத வளர்ச்சி.
ஒன்று முழுதும் வெளுத்தது.
வந்தவர்களெல்லாம் படம் எடுத்தது அதைத்தான்.
பச்சையில்லாத இலைக்கு வெயிலைச் சோறாக்கத் தெரியாது.
ஐந்தாவது இலை விரியாமலே பழுத்தது.
மூன்றாவது மட்டும் இரண்டையும் சுமந்துகொண்டு
மேஜை விளிம்பில் இறங்கியது, ஆறுதலாக.

ஐப்பசியில் ஒரு பாகப்பிரிவினை.
சகோதரர்கள், மரிய செல்வனும் ததேயுவும்.
எல்லையில் நிற்கும் பலா வடக்குப் பங்குக்கு.
அதில் ஏறிய நல்லமிளகுக் கொடிக்கு வேர் தெற்கே.
பறிப்பது யார்?
இரண்டு மணி நேரம். இரண்டு சாயா.
மூன்றாவது வரைவைக் கிழித்தபோது
ததேயு பேச்சை நிறுத்திக் குனிந்தார்.
தொங்கிய நுனியில்
எலிவால் போல ஒன்று, நட்டுக்குத்தாய், பச்சையாய்.
நான் அதை நோய் என்று நினைத்திருந்தேன்.
'இந்தத் திரியப் பாரு ஓய்,' என்றார் அண்ணனிடம்,
அன்று முதல்முறையாக அண்ணனிடம்.
'இது நல்லமிளகுக்க சொந்தமாக்கும்.'
மரிய செல்வன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
நெடுநேரம் பார்த்தார்.
'சொந்தந்தான். ஆனா காய்க்காது.'

வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பம் என்று
அன்றிரவு படித்தேன்.
நாங்கள் சிரித்த பதில்தான் வீட்டு வாசல்வரை போயிருக்கிறது.
பெப்பரோமியா என்கிறார்கள்.
குச்சியில் எழுத எடுத்தேன். 'பெ' வரை வந்தது.
பேனா பிளாஸ்டிக்கில் வழுக்கியது. விட்டுவிட்டேன்.

பலா விஷயம் இன்னும் முடியவில்லை.

நேற்று கொடி ஜெராக்ஸ் கண்ணாடிக்குமேல் படுத்திருந்ததை
ஷைஜா கவனிக்காமல் மூடிவிட்டாள்.
யாருடைய மூலப்பத்திரத்தின் மூலையிலோ
ஒரு இலை விழுந்து வந்தது:
நடுப்பச்சை கறுப்பாக.
ஓரத்து வெண்ணெய் தாளோடு தாளாக,
எங்கே முடிகிறதென்று தெரியாமல்.
வேறு நகல் எடுத்துக் கொடுத்தோம்.
அதை நான் வைத்திருக்கிறேன்.