பத்து நிமிடம்

எல் ஆல்ட்டோவில் காற்று கஞ்சன்.
சுகாதார நிலையத்து மாடியில்
ஏழு வயிறு, ஏழு பாய்.
ஜன்னலுக்கு வெளியே
சிவப்புக் கேபிள் கார்கள் ஊர்கின்றன.

"தினம் அரை மணி நேரம் நடங்கள்"
என்றாள் செவிலி எவாரிஸ்டா.
சத்தூர்னினாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
உருளைக்கிழங்கு மூட்டையோடு
மேட்டுச் சந்தைக்கு
விடியுமுன்னே ஆறு நடை போட்டு வந்தவள்.
இடுப்பைச் சுழற்றச் சொன்னாள், சுழற்றினாள்.
குந்தச் சொன்னாள்.
குந்தித்தானே வியாபாரமே.

கடைசியில்,
"இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்.
ஒன்றும் செய்யாதீர்கள். பத்து நிமிடம்."

அதுதான் வரவில்லை.
விரல்கள் சில்லறை எண்ணின.
கால் செருப்பைத் தேடியது.
நான்காம் நிமிடமோ ஐந்தாவதோ,
தோள் தானாக இறங்க

உள்ளிருந்து ஓர் உதை.

இவள் எப்போது நிற்பாள் என்று
இத்தனை நாள் காத்திருந்த மாதிரி.

"அடுத்த வாரமும் படுக்கணுமா?"
கேட்டாள்,
எழுந்திருக்காமலே.